ஏழாவது ட்ரஸ்

பிப்ரவரி 9

பென்சிலுக்கு,

நான்தான், உன் அக்கா. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரை மேசைக்குள் தள்ளிவிடாதே. இது வீட்டு விஷயம் இல்லை, வேலை விஷயம்.

இங்கே நகரசபையின் புதுச் சந்தைக் கூடத்துக்குக் கூரை போட்டது நம் வெல்டிங் பட்டறை. கூரையைத் தாங்கப் பதினோரு இரும்பு ட்ரஸ், தூணுக்குத் தூண் ஒவ்வொன்றும் இருபத்து நாலு மீட்டர். வரைபடம் வந்த அன்று கீழ் மூலையில் உன் இரண்டெழுத்தைப் பார்த்தேன். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் அத்தான்தான் சொன்னார்: "அவன் கோடு போட்டான். நீ வெட்டி ஒட்டப் போற. ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்க வேண்டியதே இல்ல. அப்புறம் என்ன?" அதுவும் சரிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

கூரைத் தகடு ஏற்றி இரண்டு வாரம் ஆகிறது. நேற்று கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, ஏழாவது ட்ரஸ்ஸில் தூணை ஒட்டிய சாய்வு ஆங்கிள் கம்பி வயிறு தள்ளி நிற்கிறது. எதிர்த் தூண் ஓரத்திலும் அதே மாதிரி. நூல் கட்டி அளந்தேன். நடுவில் பதினெட்டு மில்லி. மற்ற பத்து ட்ரஸ்ஸில் ஒன்றுகூட இப்படி இல்லை.

வேலை முடிந்தால் நான் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பேன், உனக்குத் தெரியும். நீகூடக் கிண்டல் செய்வாய், "அக்கா கச்சேரி ஆரம்பிச்சுட்டா" என்று. மற்ற பத்திலும் சாய்வு ஆங்கிள் எல்லாம் கிணுங் என்கிறது. ஏழாவதில் தொப்.

மார்ச் முதல் தேதி சந்தை திறக்கிறார்கள். நூற்றிருபது கடைக்காரர்கள். இப்போதே வந்து தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, உன் இடம் என் இடம் என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவதுக்கு நேர் கீழே முட்டை விற்கிற அம்மாவுக்கு இடம். "மழை ஒழுகாதுல்ல?" என்று கேட்டாள். ஒழுகாது என்றேன். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

நேராகக் கேட்கிறேன். நீ போட்ட ஆங்கிள் மெலிசா? கணக்கு தப்பா?

போன் செய்யாதே. போனில் நீ சொன்னதை நம்பி ஒருமுறை அனுபவித்தாயிற்று. எழுத்தில் கொடு.

அக்கா

பிப்ரவரி 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கணக்கை எடுத்து மறுபடி போட்டேன். மூன்று முறை. தப்பு இல்லை.

இந்த ட்ரஸ் பிராட் வகை. மேலே ஒரு சதுரக் குழாய், கீழே ஒரு சதுரக் குழாய், இடையில் நேர்க் கம்பிகளும் சாய்வுகளும். சாய்வுகள் எல்லாம் தூணின் உச்சியில் தொடங்கிக் கூடத்தின் நடுவை நோக்கி இறங்குகின்றன. கூரையின் எடை ஏறும்போது அவை இழுபடும். நேர்க் கம்பிகள் அழுத்தப்படும். அழுத்தத்தைத் தாங்கக் கம்பி குட்டையாகவும் தடியாகவும் இருக்க வேண்டும். இழுப்புக்கு அது தேவையில்லை, கயிறுகூட இழுப்பைத் தாங்கும். அதனால் நேர்க் கம்பிக்குத் தடித்த குழாயும் சாய்வுக்கு மெலிந்த ஆங்கிளும் கொடுத்தேன். இரும்பு மிச்சம்.

இழுபடும் ஆங்கிள் வயிறு தள்ளாது. தள்ளவே முடியாது. நீ எழுதியிருப்பது நடக்க முடியாத ஒன்று.

எனவே தயவுசெய்து ஆங்கிளின் தடிப்பை அளந்து எழுது. குறிப்பிட்ட அளவு கிடைக்காமல் வேறு அளவு போட்டிருந்தால் அதையும் எழுது.

அத்தானின் கால் இப்போது எப்படி இருக்கிறது? இந்த வரியை எழுதி அடித்துவிட்டேன். கடைசியில் மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி

பிப்ரவரி 16

தயவுசெய்து அளந்து எழுதச் சொன்ன ஐயாவுக்கு,

அளந்தேன். ஆறு மில்லி. உன் வரைபடத்தில் இருக்கிற அதே ஆறு. இருபத்திரண்டு இடத்தில் அளந்து தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரும்பு வாங்கிய ரசீதும் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் எதையும் ரசீது இல்லாமல் செய்வதில்லை. யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறாய்?

"வேறு அளவு போட்டிருந்தால்." எப்படி எழுத வந்தது உனக்கு?

லாரி ஷெட் வேலையில் நீ கேட்ட ஆங்கிள் ஊரில் எங்கும் இல்லை. உனக்குப் போன் செய்தேன். கேண்டீனில் இருந்தாய், பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. அடுத்த அளவு போடலாமா என்றேன். "போடுக்கா, அது தாங்கும்" என்றாய். மூன்று வார்த்தை. ஷெட் இடிந்து உட்கார்ந்தபோது உள்ளே இருந்தது உன் அத்தான். விசாரணையில் உன்னைக் கேட்டார்கள். நீ எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "எழுத்துப்பூர்வமா எந்த அனுமதியும் குடுக்கல சார்" என்றாய். பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் உனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஏழாவதுக்குக் கீழே கயிறு கட்டி மறித்துவிட்டேன். சாக்பீஸ் கோடு போட்டவர்கள் கூச்சல். "என்னம்மா, மேல பெயிண்ட் அடிக்கறீங்களா?" ஆமாம் பெயிண்ட் என்று சொல்லியிருக்கிறேன். நகரசபை பொறியாளர் வந்தார், கழுத்து வலிக்கிறது என்று பாதியிலேயே தலையை இறக்கிக்கொண்டு, "ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை கூடத்துக்குப் போகிறேன். பட்டறையில் கையில் எடுத்த வேலை எதையும் முடிக்கவில்லை. அத்தான் சொல்கிறார், "உக்காருடி, உன்னப் பாத்தா எனக்கே கால் வலிக்குது."

பிராட், கிராட் என்று பெரிய மனிதர்கள் பெயரைச் சொல்லி என்னை மிரட்டாதே. இருபது வருஷமாக எல்லா வகையும் என் கையால் ஒட்டியிருக்கிறேன். எங்களுக்கு அவை உள்ளே சாய்ந்தது, வெளியே சாய்ந்தது, ஏறி இறங்குவது. அவ்வளவுதான். ஏறி இறங்குவதைப் போட்டிருந்தால் எனக்குத் துண்டுகள் குறைவு, ஒட்டுகளும் குறைவு. ஏன் போடவில்லை? இதை ஏன் போட்டாய்? காரணத்தை எழுது. எழுத்தில்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாற்காலியில் இருக்க முடியவில்லை. ஜன்னல் வரை போய்த் திரும்புகிறேன். அந்த ஜன்னலுக்குப் பதினோரு எட்டு நடை. பக்கத்து மேசைக்காரர் "ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில்.

நீ ஏறி இறங்குவது என்று சொல்வது வாரன். நேர்க் கம்பி இல்லை, சாய்வுகள் மட்டும். துண்டு குறைவுதான். ஆனால் அதில் ஒரு சாய்வு இழுபடும், அடுத்த சாய்வு அழுத்தப்படும். எல்லாவற்றையும் தடியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு அளவு வாங்க வேண்டும். பாரம் நீளம் முழுக்கச் சமமாகப் பரவும் பாலங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். இங்கே கூரைச் சட்டங்கள் சில புள்ளிகளில் வந்து உட்காருகின்றன. அந்தப் புள்ளிகளுக்குக் கீழே நேர்க் கம்பி இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஓட்டு வீட்டுக்குப் போடும் முக்கோணம் இருக்கிறதே, நடுவில் ஒரே தூண் வைத்தது, அது எட்டு மீட்டருக்கு மேல் போனால் திணறும். சாய்வே இல்லாமல் ஜன்னல் ஜன்னலாக ஒரு வகை உண்டு. உள்ளே ஆள் நடக்கவும் குழாய் போகவும் வழி வேண்டும் என்றால் அதைப் போடுவார்கள். பார்க்க அமைதியாக இருக்கும். மூட்டுகள் எல்லாப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கும். இரும்பை அள்ளித் தின்னும்.

இன்னொன்று, ஹோவ். அதில் சாய்வுகள் எதிர்ப்பக்கம், நடுவை நோக்கி ஏறும். எனவே சாய்வு அழுத்தப்படும், நேர்க் கம்பி இழுபடும். மரத்தில் பாலம் கட்டிய காலத்துக்கு அது சரி. மரம் அழுத்தத்தைத் தாங்கும், நேராக இரும்புக் கம்பியைப் போட்டு முடுக்கலாம்.

இதை உனக்கு விளக்கப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் வரைந்தேன். பிராட். ஹோவ். வரைந்த தாள் மேசையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். தலைகீழாக எடுத்தேன்.

அக்கா, பிராட்டைக் கவிழ்த்தால் ஹோவ்.

ஏழாவதில் சாய்வுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன? போய்ப் பார். இப்போதே போய்ப் பார். கவிழ்ந்திருந்தால் அந்த மெலிந்த ஆங்கிள்கள்மேல் அழுத்தம் ஏறியிருக்கிறது. வெறும் தகடு எடைக்கே பதினெட்டு மில்லி. ஒரு பெருமழைக்கோ, விளக்கும் விசிறியும் மாட்டினாலோ என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன், விடையை இங்கே எழுதவில்லை. கயிறு போதாது. ஆறாவதிலிருந்து எட்டாவது வரை யாரையும் விடாதே. அடியில் முட்டு கொடு.

மூன்று முறை உனக்குப் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. கூரியரில் அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கவிழ்ந்ததை யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று யோசித்தால் அது என்னிடம் வருகிறது. வழக்கமாக மேல் குழாய் பெரிது, கீழ் குழாய் சிறிது. நான் இரண்டையும் ஒரே அளவாகப் போட்டேன். ஓரத் தகட்டின் துளைகளும் மேலும் கீழும் ஒன்று. நடுவில் லேசாகத் தூக்கி வளைப்பதையும் விட்டுவிட்டேன். "மேல ஒரு சைஸ் கீழ ஒரு சைஸ்னு போட்டு எங்க உயிர வாங்காதீங்கடா" என்று நீ ஒரு காலத்தில் கத்துவாய். யார் பட்டறைக்குப் போகும் என்று தெரியாமல்தான் வரைந்தேன். ஆனாலும் அந்தக் குரல் காதில் இருந்தது.

கடைசியாக, வரைபடத்தில் 'மேல்' என்று ஒரு அம்புக்குறி போடுவோம். போட்டிருந்தேன். தாள் நெரிசலாகத் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

பென்சில்

பிப்ரவரி 22

பென்சில்,

நீ மூன்று முறை அடித்தது தெரியும். போனை மேசையில் வைத்து, அது நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்ப் பார்க்கச் சொன்னாய். போகத் தேவையில்லை. எனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும்.

வாசலில் நின்று பார்த்தால் பத்து ட்ரஸ் ஒரு பக்கம் சாய்கிறது, ஒன்று மறுபக்கம். இருபது வருஷம் இரும்பு ஒட்டியவளுக்கு அது தெரியாதா? நீதான் ஏதோ காரணத்துக்கு அப்படி வரைந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரைபடத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உன் கையால் "தப்பு என்னுடையது" என்று ஒரு வரி வாங்க வேண்டும். அது மட்டும்தான் வேண்டியிருந்தது. அதற்காகப் பதிமூன்று நாள், முட்டைக்கார அம்மாவின் தலைக்கு மேலே அதை நிற்க விட்டேன்.

எப்படி நடந்தது என்றும் எழுதுகிறேன். லாரியில் அடுக்கும்போது ஒன்று நிமிர்த்தி, ஒன்று கவிழ்த்து வைப்போம். அப்போதுதான் ஓரத் தகடுகள் இடிக்காது. இறக்கும்போது கவிழ்ந்ததைத் திருப்பித் தூக்க வேண்டும். கிரேன்காரரை எங்கள் ஆட்கள் 'மெதுவா' என்று கூப்பிடுவார்கள், அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேச மாட்டார். எது நிமிர்ந்தது எது கவிழ்ந்தது என்று கீழே நின்று கை காட்டுவது என் வேலை. ஏழாவது ஏறிய அன்று நான் இல்லை. அத்தானை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். காலுக்குள் வைத்த தகடு குளிர் நாளில் இழுக்கிறது.

கேட்டாயே, கால் எப்படி என்று. இப்படி இருக்கிறது.

இதை உன் தலையில் கட்டலாம். ஒரு மணி நேரம் கட்டியும் பார்த்தேன். ஒட்டவில்லை. அன்று வேலையை நிறுத்தி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

நேற்று நகரசபைக்குக் கிளம்பி வாசல் வரை போனேன். உள்ளே போய்ச் சொன்னால் பட்டறை அவ்வளவுதான். பதினாலு பேர் சாப்பாடு. வாசலில் காவலாளி, "யாரப் பாக்கணும்?" என்றார். "யாரையும் இல்ல" என்று திரும்பி வந்துவிட்டேன். விசாரணையில் நீ எழுந்து நின்றபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் படிக்கட்டில் தெரிந்தது. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தெரிந்தது, அவ்வளவுதான்.

முட்டு கொடுத்தாயிற்று. ஆறிலிருந்து எட்டு வரை பலகை வைத்து அடைத்துவிட்டேன். பெயிண்ட் பொய் இனிமேல் ஓடாது. தகடு ஏறிவிட்டது, இனிக் கழற்றித் திருப்ப முடியாது. வேறு வழி இருந்தால் சொல். இல்லை என்றாலும் சொல்.

அக்கா

பிப்ரவரி 25

அக்கா,

வழி இருக்கிறது. கழற்ற வேண்டாம். அது ஹோவாகவே இருக்கட்டும். ஹோவ் ஒன்றும் மோசமான ட்ரஸ் இல்லை, ஹோவுக்கு உரிய எலும்பு அதற்கு வேண்டும், அவ்வளவுதான். முட்டுமேல் பாரம் இருக்கும்போது சாய்வு ஆங்கிள்களை ஒன்று ஒன்றாக எடுத்துவிட்டு, நேர்க் கம்பிக்குப் போட்ட அதே குழாயைப் போடு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். தூண் ஓரத்திலிருந்து தொடங்கு. நேர்க் கம்பிகள் இனி இழுபடும், அவை தடிதான், தாங்கும்.

"தாங்கும்" என்று எழுதிவிட்டு எழுந்து ஜன்னல் வரை போய் வந்தேன். அதன் முழுக் கணக்கும் இணைத்திருக்கிறேன். ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேர்க் கம்பிகளின் வெல்டிங்கை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது ஆறாம் பக்கத்தில். வரைபடத்தில் அம்புக்குறியும் போட்டிருக்கிறேன், கொஞ்சம் பெரிதாகவே.

இதோடு இன்னொரு தாள். நகரசபைக்கு நான் இன்று அனுப்பிய கடிதத்தின் நகல். படிக்காமல் கிழித்துவிடாதே. அதில் இரண்டு பத்தி. முதல் பத்தி அம்புக்குறியைப் பற்றி. இரண்டாவது பத்தி, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், கேண்டீனில் தட்டோடு நின்றபடி நான் போனில் சொன்ன மூன்று வார்த்தையைப் பற்றி. அவர்களுக்கு அது தேவையில்லைதான். அதை யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. முகவரி இருந்த ஒரே கவர் அது.

மேலாளர் படித்தார். "ரெண்டாவது பத்திய யார் கேட்டது?" என்றார். "யாரும் கேக்கல சார்." "அப்புறம் ஏன்?" திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்றிருக்கிறார்.

பதினோரு எட்டு ஜன்னல் இனி இல்லை. என் அறையில் ஆறு எட்டுதான்.

பென்சில்

மார்ச் 16

பென்சில்,

உன் கடிதம் இங்கே வருவதற்கு முதல் நாளே நான் நகரசபைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை காவலாளி கேட்கும் முன்னாலேயே ஆள் பெயரைச் சொல்லிவிட்டேன். உன் கடிதம் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பொறியாளர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா இது? நானும் முப்பது வருஷமா பாக்கறேன். உங்க குடும்பத்துல ஒருத்தர்கூட நான் பண்ணலன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றார். இப்போதுதான் சார் பழகுகிறோம் என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு நகரசபை வேலை கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். கேட் வேலை, படிக்கட்டு வேலை என்று ஓடுகிறது. 'மெதுவா' இருக்கிறார். ஏழாவது தன்னால்தான் என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் கை காட்டாமல் போனதுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். "மெதுவா" என்றார். எதற்கு என்று தெரியவில்லை.

நீ சொன்ன மாதிரியே ஒன்று ஒன்றாகத்தான் மாற்றினோம். எட்டு நாள். கடைசி முட்டுக்கட்டையை எடுக்கும்போது எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் கீழே நின்றேன். கத்தாதே. ஒன்பது பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் நின்றேன்.

நேற்று சந்தை திறந்தாயிற்று. இரைச்சல் தாங்கவில்லை. முட்டைக்கார அம்மா தட்டுத் தட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "இது மட்டும் ஏம்மா வேற மாதிரி இருக்கு?" என்றாள். பத்துப் பேர் ஒரு பக்கம், இது ஒன்று எதிர்ப்பக்கம் என்றேன். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

திறப்பதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி எல்லாவற்றையும் தட்டினேன். பத்தில் சாய்வு கிணுங், நேர்க் கம்பி தொப். ஏழாவதில் நேர்க் கம்பி கிணுங் என்கிறது, சாய்வு தொப். ஏணியிலேயே நின்றுவிட்டேன். அப்புறம் உன் கணக்கை நினைத்துக்கொண்டேன். இழுபடுவதுதான் கிணுங் என்னும், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

நகலில் அந்த இரண்டாவது பத்தியை அத்தானிடம் காட்டினேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பட்டறையை ஒரு சுற்று நடந்து வந்தார். கம்பு இல்லாமல். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து வெளியே வைத்தேன். மறுநாள் வேறு சட்டைப் பையில் இருந்தது.

உன் மேலாளர் கூப்பிட்டாரா? கூப்பிடாவிட்டால் இங்கே படிக்கட்டுக்கும் யாராவது கோடு போடத்தான் வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுக்கிறேன் என்று நினைக்காதே. ஆள் தேவை, அவ்வளவுதான்.

இதையும் எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்: நீ போன் செய்யலாம். பகலில் என்றால் கிரைண்டர் சத்தத்தில் கேட்காது. விடாமல் அடி. எடுப்பேன்.

அக்கா